போலி விளம்பரத்தில் என் நம்பர்

சனிக்கிழமை காலையில் நான் பல்கூட விளக்கவில்லை, அதற்குள் பதினோரு போன். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "வேலை இருக்குதுங்களா?"

தப்பு எங்களுடையது. பி.சி.ஏ. கடைசி வருஷ புராஜெக்டுக்காக நானும் என்னோடு படிக்கிற பார்த்திபனும் ஒரு வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். ஆன்லைனில் ஏமாறாமல் இருப்பது எப்படி, இருக்கிற வேலையைப் பறிகொடுக்காமல் இருப்பது எப்படி என்று. செய்யார் கம்பெனிகளுக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி எங்கள் பக்கத்தில் எத்தனை பேரை மொட்டையடித்திருக்கிறார்கள்! போலி விளம்பரம் எப்படி இருக்கும் என்று காட்ட நானே ஒன்று தயார் செய்தேன். 'நிரந்தர வேலை. நேர்காணல் கிடையாது. இலவச பஸ். பழைய வேலையை விட்டுவிட்டு உடனே வரவும்.' அசல் போலியே தோற்றுவிடும், அப்படி இருந்தது. கீழே ஒரு போன் நம்பர் வேண்டுமே? திருடனுடைய நம்பரைப் போட்டால் யாராவது கூப்பிட்டுத் தொலைப்பார்கள். வாய்க்கு வந்ததைப் போட்டால், பாவம், அது யாருடைய நம்பரோ. ரொம்ப யோக்கியமாக யோசித்து எங்கள் ஊர் ஆரணியையும் என் நம்பரையுமே போட்டேன். 'இது போலி' என்ற சிவப்பு எழுத்தைப் படத்துக்கு வெளியே, கீழே வைத்தான் பார்த்திபன். எவரோ படத்தை மட்டும் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். ஒரே நாளில் சேத்துப்பட்டு, தெள்ளார் எல்லாம் சுற்றி வந்துவிட்டது.

"அது பொய்ங்க, மாதிரிக்குப் போட்டதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டேன். பன்னிரண்டாவது போன் அப்படி இல்லை.

"பாப்பா, தெள்ளார்லருந்து புஷ்பலதா பேசறேன். நேத்து உங்கம்மா தான் போன எடுத்தாங்க. சூப்பர்வைசராண்ட சொல்லிட்டேன்மா, திங்கக்கெழமலருந்து வரமாட்டேன்னு. உங்க கம்பெனிக்கு எப்ப வரணும்?"

திரும்பிப் பார்த்தேன். அம்மா தறியில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து போன்ல என்னா சொன்ன நீ?"

"நெசமாவே ஆரணிதானான்னு கேட்டுச்சு. ஆமா, தறி சத்தம் கேக்கலியான்னேன். எம்பொண்ணுதான் எல்லாம் பாக்குது, நாளைக்குப் பேசுங்கன்னேன். ஏன், இதுல என்னா?"

அம்மாவை என்ன சொல்வது? விளம்பரத்தை அரைகுறையாக நம்பியிருந்த அந்த அக்காவுக்குத் தறி சத்தம் கேட்டதும் முழு நம்பிக்கை வந்திருக்கிறது. நெசவு வீட்டில் இருந்துகொண்டு எவள் ஏமாற்றப் போகிறாள் என்று. போனில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் வருகிறேன் என்றேன். இரண்டு மணி ஷிப்டுக்கு வரும்போது தன் கம்பெனி வாசலில் பார்க்கலாம் என்றார். அதுதான் அவருக்குக் கடைசி ஷிப்ட்.

நானும் பார்த்திபனும் பஸ் பிடித்துப் போனோம். அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், யூனிபார்ம் கோட்டு, தோளில் சாப்பாட்டுப் பை. எதையும் மறைக்காமல் சொன்னேன். அக்கா அப்படியே மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு வருஷமா கான்ட்ராக்ட்டு. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி பேரு இருக்குமா இருக்காதான்னு ஒரே பேஜாரு. நிரந்தரம்னு போட்டிருந்தியே, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வுழுந்தேன்."

அந்த வார்த்தையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டது நான்தான். சீ என்று ஆகிவிட்டது. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

"அழுவாதே, நாலு பேரு பாக்கறாங்க. வவுறு எரியுது எனக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா இம்மாந்தூரம் வந்து, பொய்யின்னு மொகத்தப் பாத்து சொன்னியே. ஏமாத்தறவன் எவன் வந்து இப்பிடி சொல்றான்? எந்திரி. சூப்பர்வைசராண்ட நீயே வந்து சொல்லு."

சூப்பர்வைசர் ஜீவானந்தம் என் போனை வாங்கி வெப்சைட்டை முழுவதும் படித்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்ச புள்ளைங்க செய்யற வேலையா இது? நின்னுட்டவங்க லிஸ்ட் ஆபீசுக்குப் போயிடுச்சும்மா. சொல்லிப் பாக்கறேன். டிரைவராண்ட இருக்கற லிஸ்ட்ல பேரு இருந்தா திங்கக்கெழம காலை ஷிப்ட்டுக்குக் கம்பெனி பஸ்சு நிக்கும். இல்லன்னா நிக்காது."

திரும்பி வரும்போதே பார்த்திபன் சிவப்பு எழுத்தைப் படத்தின் நட்டநடுவில் ஏற்றினான். "உன் நம்பர எடுத்துடட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். பழைய படம் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது, கூப்பிடுகிறவர்களுக்குப் பொய் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை புஷ்பலதா அக்காவே கூப்பிட்டார். தனக்கு நடந்ததை வெப்சைட்டில் எழுதச் சொன்னார். "எம்பேரப் போடு, ஊரையும் போடு. எனக்கு இன்னா வெக்கம்? இன்னொருத்தி வுழாம இருந்தா சரி." தன் வேலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒருத்தர், அதற்குக் காரணமானவளிடம் இப்படிப் பேசுகிறார். நான் தேங்க்ஸ் சொல்லாத ஆள் கிடையாது, கண்டக்டருக்குக்கூடச் சொல்லுவேன். ஆனால் அன்றைக்கு அதை இரண்டு தடவை சொன்னேன்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் போன் வந்தது.

"ஸ்டாப்பிங்ல நிக்கறேன் பாப்பா. ஒண்ணும் பேச வேணாம், சும்மா லைன்ல இரு."

எழுந்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. ஏதோ வண்டி வேகமாக வந்தது, நிற்காமல் போனது. "லாரி" என்றார் அக்கா. மறுபடி ஒரு சத்தம், தூரத்தில் தொடங்கிக் கிட்டே கிட்டே வந்தது. பிரேக் கிரீச்சிட்டது.

"இன்னாம்மா புஷ்பலதா, போன வச்சிட்டு ஏறும்மா, ஜல்தி!" என்றது டிரைவர் குரல்.

அக்கா போனை வைக்கவில்லை, அப்படியே பைக்குள் போட்டுவிட்டார் போலிருக்கிறது. பஸ் நகர்ந்தது. யாரோ ஒருத்தி ஜன்னலை மூடச் சொன்னாள். இன்னொருத்தி, "தள்ளி உக்காருடி, அவளும் உக்காரட்டும்" என்றாள். யாரோ கொட்டாவி விட்டார்கள், யாரோ சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதில் இன்னும் அழுத்திவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.