பைப் வரி

சுருட்டுக்கும் பைப் புகையிலைக்கும் வரியை ஏற்றப் போகிறார்களாம் என்று செய்தி வந்தபோது, செஞ்சியில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட புகைக்காரன் ஒருவன்தான். இளையபெருமாள். வாலிபத்திலிருந்து பைப் பிடிக்கிறவன்.

எங்கள் நண்பர்களில் காரணம் எனக்கு மட்டும் தெரியும். அதற்கு முந்தின வாரம் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் அவன் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்திருந்தார்கள். துணைக்குப் போனவன் நான். கட்டி இருக்கிறது, வைத்தியம் பண்ணலாம், ஆனால் பைப்பை இனிமேல் வாயில் வைக்கவே கூடாது என்று டாக்டர் பெண் சொன்னாள்.  திரும்பும்போது பஸ் திண்டிவனம் தாண்டியதும் சொன்னான்.

"இத நம்ம பசங்ககிட்ட சொல்லிடாத. தனகோட்டிக்கு ஆன மாதிரி எனக்கு ஆவக் கூடாது."

தனகோட்டி எங்கள் கூட்டத்தில் ஐந்தாவது ஆள். நெஞ்சில் கோளாறு என்று தெரிந்ததும் மரியாதைக்காக அவன் எதிரில் சுருட்டை அணைத்தோம். பிறகு மெதுவாகப் பேசினோம். அவன் தப்பாகச் சொன்னாலும் ஆமாம் என்றோம். அப்புறம் கூட்டத்துக்கு அவன் வருவது நின்றது. நாங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அவன் வீட்டுக்குப் போய் வந்தோம். அவன் செத்தது நோயாலா ஹார்லிக்ஸாலா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. கடைசிக் காலத்தில் அவனோடு ஒருத்தர்கூடச் சண்டை போடவில்லை. அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

கூட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். திண்டிவனம் ரோட்டில் காமராஜின் கடை. முன்பக்கம் டைல்ஸ், வாஷ்பேசின், பிளாஸ்டிக் பைப் வியாபாரம். பின்பக்கம் தகரக் கொட்டகை. சாயங்காலம் நாலு பேர் அங்கே உட்காருவோம். காமராஜ் பைப் புகையிலை டப்பாவுக்குள் கொய்யாத் துண்டு போட்டு ஈரம் காப்பாற்றுகிறவன். தேவேந்திரன் ரிட்டயர் ஆன டிரில் வாத்தியார். சுருட்டைச் சுற்றி வரும் காகித வளையங்களைக் கிழியாமல் உரித்து ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். நான் எது கிடைத்தாலும் பிடிப்பேன். ஒரு தடவை நான் விட்ட புகை வளையம் ராஜகிரிக் கோட்டை உச்சிவரை போய், அங்கே பறந்துகொண்டிருந்த பருந்தின் கழுத்தில் மாட்டிக்கொண்டது. பாவம், அது மூன்று நாள் இருமியது.

இளையபெருமாளின் பைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. கோட்டை பார்க்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. இரண்டு நாள் கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகால் மேல் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுப் பிடித்தது. இளையபெருமாள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அதை வாங்கினான். குரங்கு மேற்கொண்டு சில்லறையும் கேட்டது என்று சிலர் சொல்வார்கள். அது பொய்.

அன்று செய்தியைப் பேப்பரிலிருந்து வாசித்தவர் தேவேந்திரன்தான். வாசித்து முடித்துவிட்டு, "நாம இன்னாய்யா பண்ணோம் இவங்களுக்கு? வளையம் வுட்டம். அவ்ளோதான்" என்றார்.

காமராஜ் தன் டப்பாவைத் திறந்து கொய்யாத் துண்டை முகர்ந்தான். "இப்பவே பாண்டிச்சேரி போய் ஒரு டப்பா வாங்கறதுக்குள்ள உசுரு போவுது. இன்னும் ஏத்துனா வீட்ல கேட்டயே மூடிடுவாங்க" என்றான்.

இளையபெருமாள் கையிலிருந்த பைப்பைத் தட்டிச் சட்டைப் பையில் போட்டான். அன்று அவன் அதைப் பற்ற வைத்திருக்கவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை.

"அப்ப நான் வுட்டுட்டேன்" என்றான்.

"எத?" என்றான் காமராஜ்.

"பைப்ப. இவ்ளோ வரி கட்டி எவன் பிடிப்பான்?"

"இன்னும் ஏத்தவே இல்லியேய்யா."

"ஏத்தப் போறான் இல்ல? அதுக்குத்தான் இப்பவே."

தேவேந்திரன் எழுந்து நின்றுவிட்டார். "மழை வரப் போவுதுன்னு பனமலை ஏரியில போய் முழுவுற ஆளா நீ? கவர்மெண்டுக்குப் பயந்து பைப்ப கீழ வெச்ச மொத ஆளு செஞ்சியில நீதான்யா."

"ஆமா, பயந்துட்டேன். இப்ப இன்னா?"

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவனை அவர்கள் திட்டாத திட்டு இல்லை. கோழை என்றார்கள், கஞ்சன் என்றார்கள், குரங்குக்கு இருக்கிற ரோஷம் இவனுக்கு இல்லை என்றார்கள். இளையபெருமாள் பதிலுக்குப் பதில் பேசினான். வைத்தியத்துக்குப் பாண்டிச்சேரி போகும் நாளில் தொண்டூரில் மச்சான் வீட்டு விசேஷம் என்றான். மற்ற நாளெல்லாம் வந்தான், புகை படாதபடி கொட்டகை வாசலுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டான். கேட்டால், "வாசனை வந்தா ஆச வந்துடும்" என்பான். அதற்கும் திட்டு வாங்கினான். நோய் வந்த மனிதன் இவ்வளவு தெம்பாகத் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

அவனை அப்படியே விட்டிருக்கலாம். தேவேந்திரன் விடவில்லை.

"வரிய நிறுத்தறம். இவன் வாயில பைப்ப வெக்கறம்" என்றார். "இல்லன்னா நான் இத்தினி வருசம் விசில் ஊதுனது வேஸ்ட்டு."

மனு எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்புவது என்று முடிவானது. கடை வாசலில் கட்ட ஒரு பேனரும் அடித்தார்கள். 'பைப் புகையிலை, சுருட்டு மீதான வரி உயர்வைக் கைவிடுக' என்று எழுதினால் எழுத்து பொடியாகிவிடும் என்று பேனர் கடைக்காரர் சொன்னார். காமராஜ் சுருக்கிக் கொடுத்தான். மறுநாள் காலை, பிளாஸ்டிக் பைப் கட்டுகள் சாத்தி வைத்திருக்கிற அந்தக் கடைக்கு மேலே, ஆள் உயர எழுத்தில் இப்படித் தொங்கியது: 'பைப் வரியை ஏற்றாதே! கையெழுத்திட வாரீர்!'

பத்து மணிக்கெல்லாம் வாசலில் வரிசை நின்றது.

நாலு பேர் பைப் பிடிக்கிற ஊரில் இத்தனை ஆதரவா என்று தேவேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிலும் முக்கால்வாசி பெண்கள். சிலர் குடத்தோடு வந்திருந்தார்கள். வரிசையின் தலை கடையிலும் வால் பஸ் ஸ்டாண்டிலும் இருந்தது. நடுவில் நின்ற ஒரு பெண்ணுக்குக் கையெழுத்துப் போடும் முறை வருவதற்குள் பேரன் பிறந்துவிட்டான் என்று கேள்வி.

மீனம்பாள் என்கிற கிழவி கைநாட்டு வைத்துவிட்டுத் தேவேந்திரனைப் பார்த்துச் சொன்னாள். "பைப்புல வெறும் காத்துதான் வாத்தியாரே வருது. இதுக்கு வரி வேற."

"காத்தா? நல்லா அடச்சி இழுத்துப் பாரும்மா. பொகை வரும்."

"பொகையா? எங்க தெருவுல அதுகூட வர்றதில்ல."

தேவேந்திரன் அவளை மரியாதையோடு பார்த்தார். இந்த வயதில் பைப் பிடிக்கிற பெண் என்று நினைத்துவிட்டார்.

வரிசையில் அடுத்து வந்தவள் சாமுண்டீஸ்வரி, இளையபெருமாளின் மனைவி. அவனுடைய வியாதி அவளுக்குத் தெரியும். வாசல் நாற்காலியில் இருந்தவன் எழுந்து ஓடினான்.

"நீ எதுக்குடி போடற?"

"ஏன், நான் போடக் கூடாதா? ரெண்டு நாளைக்கு ஒரு தபா தண்ணி வுடறான். இதுல பைப்பு வரிய ஏத்துவானா?"

போட்டுவிட்டுப் போனாள். இளையபெருமாள் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். குடங்களைப் பார்த்தோம்.

"தண்ணி பைப்புன்னு நெனச்சிட்டு நிக்கிறாங்கப்பா" என்றேன்.

"நல்லதாப் போச்சு. நீ வாயத் தெறக்காத" என்றான். "பொகையில வரி அது பாட்டுக்கு ஏறிடும். எனக்கு அது போதும்."

கையெழுத்துத் தாள்களைத் தேவேந்திரன் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்தார். அங்கே கொடுத்தால் மேலே மேலே போய் டெல்லி சேரும் என்பது அவர் நம்பிக்கை. அவ்வளவு கையெழுத்தைப் பார்த்த அலுவலகத்தார் அக்கறையோடு பதில் சொன்னார்கள். வாரக் கடைசியில் ஓர் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வந்தது: "பைப் வரி உயர்த்தப்படாது. பொதுமக்கள் வதந்தியை நம்ப வேண்டாம்."

அன்று சாயங்காலம் தேவேந்திரன் கொட்டகைக்கு ஜிலேபியோடு வந்தார். காமராஜ் தன் டப்பாவிலிருந்த நல்ல புகையிலையை எடுத்தான். இளையபெருமாளின் சட்டைப் பையில் கை விட்டுப் பைப்பை உருவி, நிரப்பி, கட்டை விரலால் பதமாக அழுத்தி அவன் கையில் கொடுத்தான்.

"உள்ள வந்து ஒக்காரு. இப்ப இன்னா சாக்கு சொல்லப் போற?"

 இளையபெருமாள் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். தேவேந்திரன் தீக்குச்சியைக் கிழித்துக் கிட்டே கொண்டுபோனார். இளையபெருமாளின் கை மேலே போனது. பைப் உதட்டைத் தொட்டது. இழுத்துவிடுவான் என்று எனக்குப் பட்டது. தனகோட்டியாக ஆவதைவிட இழுத்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான்.

"அது தண்ணி பைப்பு" என்றேன். "ஆட்டோக்காரன் சொன்னது தண்ணி பைப்ப. பொகையிலய பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல."

"ஆரம்பிச்சிட்டான்யா" என்றார் தேவேந்திரன்.

"அவன் தொண்டையில கட்டி. டாக்டர் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் கூடப் போனேன்."

காமராஜ் சிரித்தான். "போன மாசம் உன் தொண்டையில எலுமிச்ச மரம் மொளச்சிது. பழம்கூட வுட்டுதுன்ன. இவனுக்குக் கட்டியாவது வரட்டும்."

தேவேந்திரனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஆனால் எந்தக் கதை சொல்லும்போதும் நான் சிரிப்பதில்லை. அதனால் அது சாட்சியாகவில்லை. எழுந்து பைப்பைப் பிடுங்கப் போனேன். காமராஜ் என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

இளையபெருமாள் பைப்பை உதட்டிலிருந்து எடுத்தான்.

"நெசந்தான்யா அவன் சொல்றது" என்றான்.

தீக்குச்சி தேவேந்திரன் விரல்வரை எரிந்து வந்தது. அவர் உதறினார். காமராஜ் என் வேட்டியை விட்டான். பிறகு இரண்டு பேரும், நான் எதற்குப் பயந்தேனோ அதைச் செய்தார்கள். தேவேந்திரன் தன் சுருட்டைச் சுவரில் நசுக்கினார். காமராஜ் ஜிலேபிப் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினான். "டாக்டரு இன்னா சொல்றாங்க?" என்று மெல்லிய குரலில் கேட்டான்.

அந்தக் குரலைக் கேட்டதும் இளையபெருமாள் எழுந்தான். பைப்பிலிருந்த புகையிலையைக் காமராஜின் டப்பாவில் திரும்பக் கொட்டினான். "இதுக்குத்தான் சொல்லல" என்றான். வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது யாரும் அவனைத் திட்டவில்லை.

மறுநாள் அவன் வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். நாற்காலியை வழக்கம்போல வெளியே போட்டுக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தான். கொட்டகையில் புகை இல்லை. காமராஜின் டப்பா மூடியிருந்தது. தேவேந்திரன் வாயில் பற்ற வைக்காத சுருட்டு.

"எனக்காக அணைக்காதீங்க" என்றான் இளையபெருமாள். "அணச்சீங்கன்னா நாளைக்கு வரமாட்டேன்."

"உனக்காகவா?" தேவேந்திரன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "நீ யாருய்யா எனக்கு? வரிய ஏத்திட்டான். அதான் நான் பத்த வெக்கல. ஊரக் கூட்டி உனக்குன்னு கையெழுத்து வாங்குனனே, என்ன செருப்பால அடிக்கணும். பொய்ய சொல்லித் திரிஞ்ச பய."

"ஏத்திட்டானா? எப்ப?"

"காலையில."

"பேப்பர்ல ஒண்ணும் வரலியே."

தேவேந்திரன் காமராஜைப் பார்த்தார். காமராஜ் என்னைப் பார்த்தான். பொய்க்கு ஆள் தேவைப்பட்டால் இந்தக் கொட்டகையில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

"ஏத்திட்டாங்க" என்றேன். "பத்த வெச்சாதான் வரியாம். வாயில சும்மா வெச்சிருந்தா கெடையாது. பாண்டிச்சேரியில வளையம் வுட்ட ஆள, வளையத்தோட புடிச்சிட்டுப் போயிட்டாங்க."

இளையபெருமாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கொஞ்சம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"பயந்தாங்கொள்ளிப் பசங்களா" என்றான்.

"வாய மூட்றா கஞ்சப் பயலே" என்றார் தேவேந்திரன்.

இளையபெருமாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். நேற்றைய ஜிலேபி மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டான், விழுங்கக் கஷ்டப்பட்டான். கஷ்டப்படுவதைப் பார்த்தும் தேவேந்திரன் திட்டிக்கொண்டேதான் இருந்தார்.