திருப்பிப் பார்க்காத தம்ளர்

'மாப்பிள்ளை' என்ற சொல்லின் விலை ஒரு தம்ளர் தண்ணீர். வெளியில் விசாரித்தால் கூடவும் சொல்வார்கள், குறையவும் சொல்வார்கள்; பாத்திரக்கடைக்காரர் கடைசியாகக் கொடுத்த விலை இதுதான். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அந்தச் சொல்லை அவர் கல்லாவுக்குள் பூட்டி வைத்திருந்தார். மகளைக் கட்டியவன் பயணிகள் கப்பலில் அறை சுத்தம் செய்கிறவன். அவனை அவர் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். கடைக்கு வந்து அத்தனை பாத்திரத்தையும் இறக்கச் சொல்லி, விலை கேட்டுவிட்டு, வாங்காமல் போகிறவர்களையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

மருமகனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கப்பல்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கேட்டவர் கப்பலையே அவன்தான் ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டால் அது கேட்டவர் பாடு. வீட்டுக்குள் மட்டும், "கண்டவன் படுத்த படுக்கையை மடிக்கிறவனுக்குப் போய் உன்னை..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விடுவார். முடித்திருந்தால் மகளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மகள் விட்டுக்கொடுக்க மாட்டாள். "அவர் கழுவின ரூம்ல தரையில போட்டுச் சாப்பிடலாம்ப்பா. கப்பல்லயே அவர்தான் முதல். லைட் அடிச்சுப் பார்த்துச் சொல்றாங்க" என்பாள்.

லைட் அடித்துப் பார்ப்பது உண்மைதான். ஒரு பயணம் முடிந்து பழைய ஆட்கள் காலையில் இறங்குவார்கள்; புது ஆட்கள் மதியம் ஏறுவார்கள். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், ஒவ்வொருவனும் தன் வரிசையில் இருக்கிற அறைகளை, அங்கே யாருமே இருந்ததில்லை என்று தோன்றும்படி ஆக்க வேண்டும். ஆக்கினார்களா என்று பார்க்க ஒரு மேற்பார்வையாளர் உண்டு. பழையவர்கள் இறங்கியதும் அவர் அறை அறையாக நுழைந்து, கண்ணுக்குத் தெரியாத மையால் அங்கங்கே புள்ளி வைத்துவிட்டுப் போவார். சுத்தம் முடிந்ததும் ஊதா நிற விளக்கோடு வருவார். துடைக்காத இடத்தில் புள்ளி பல்லைக் காட்டும். துடைத்திருந்தால் ஒன்றும் இருக்காது. கப்பலில் அவர் பெயரே விளக்கு.

விளக்கு நல்ல மனுஷன். குனிய மாட்டார், அவ்வளவுதான். இடுப்பு வலி. நின்ற இடத்தில் கைக்கு எட்டுகிற ஆறு இடத்தில் புள்ளி வைப்பார். குழாய்ப் பிடி, ஃப்ளஷ் பொத்தான், சுவர் ஸ்விட்ச், டெலிபோன், ரிமோட்டின் முன்பக்கம், கதவுக் கைப்பிடி. எந்த அறையானாலும், எந்தப் பயணமானாலும் அந்த ஆறுதான்.

நம்ம ஆள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூலை முடுக்கெல்லாம் முழங்காலில் நின்று தேய்த்தான். அப்போது அவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் எருமை. ஆறு இடத்தைக் கண்டுபிடித்த பிறகு வைத்த பெயர் மின்னல். அதற்குப் பிறகு படுக்கை விரிப்பை மாற்றினான், பார்வைக்குப் படுவதை நேராக்கினான், ஆறு புள்ளியைத் துடைத்தான், அடுத்த அறைக்குப் போனான். கண்ணாடித் தம்ளர்களைக் கீழே எடுத்துப் போய்ச் சுடுதண்ணீர் மெஷினில் போட வேண்டும் என்பது சட்டம். தம்ளரில் விளக்கு ஒருநாளும் புள்ளி வைத்ததில்லை. வைத்தால் யாராவது குடித்துவிடுவார்களே. ஆகவே இறங்கிப் போனவர் விட்ட துண்டு ஒன்றை எடுத்து, அதே துண்டால் வரிசை முழுக்க எல்லாத் தம்ளரையும் பளபளவென்று துடைத்து வைப்பான். நல்லாப் பளபளக்கும்.

அன்றைக்குக் காலையில் ஒரு வயதான தம்பதி இறங்கிப்போன அறைக்குள் நுழைந்தான். துண்டுகள் நனைந்து உருண்டு குளியலறை மூலையில் கிடந்தன. குப்பைக்கூடையில் ஒரு பிளாஸ்டிக் பை, வாய் இறுக்கி முடிச்சுமேல் முடிச்சு. மேலே தாராளமாக சென்ட் அடித்திருந்தார்கள். சென்ட் தனியாக, வாந்தி தனியாக மணந்தது.

இப்படி ஒரு அறையைப் பார்த்தால் உடனே மருத்துவ அறைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் முகமூடிக்காரர்கள் வந்து அறையைச் சீல் வைப்பார்கள், வரிசை முழுக்க மருந்து அடிப்பார்கள், பாதி நாள் போகும். வரிசையில் நோய் என்று பேர் எழுதப்படும். தளப் பொறுப்பாளர் பதவிக்கு மின்னலின் பெயர் அந்த வாரம்தான் போயிருந்தது. அவன் பையை வெளியே போட்டான், விரிப்பை மாற்றினான், தன் பங்குக்குக் கொஞ்சம் சென்ட் அடித்தான், ஆறு இடம் துடைத்தான், தம்ளரைத் துடைத்தான்.

விளக்கு வந்து ஊதா வெளிச்சத்தைச் சுற்றிக் காட்டினார். ஒரு புள்ளி இல்லை.

"சுத்தம்" என்றார். பிறகு சிரித்தார். "மின்னலு, இங்கயே இரு. ஒரு ஆளைக் கூட்டிட்டு வரேன்."

கூட்டி வந்தது இவன் மனைவியையும் மாமனாரையும்.

ஊழியர்களின் வீட்டாருக்கு ஒருமுறை இலவசப் பயணம் உண்டு. இந்தத் தடவை அது மின்னலின் முறை. அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"நான்தான் பேசி மாத்தினேன்" என்றார் விளக்கு. "நம்ம மின்னல் வீட்டு ஆளுங்க, மின்னல் கழுவின ரூம்லதானே இருக்கணும். என்னம்மா?"

அவள் முகம் பூத்துக் கிடந்தது. அப்பாவைப் பார்த்தாள். பாருங்க என்று வாயால் சொல்லவில்லை.

பாத்திரக்கடைக்காரர் உள்ளே வந்தார். கடையில் சரக்கு இறங்கும்போது அவர் எதையும் மேலே பார்க்க மாட்டார். கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார். "முகத்தை எவன் கழுவாம இருப்பான்?" என்பார். கவிழ்த்துப் பார்த்தே பாதி விலைக்கு இறக்கிவிடுவார். அந்தக் கை சும்மா இருக்குமா? மேஜை மேலிருந்த தட்டைக் கவிழ்த்தார். பூச்சாடியைத் தூக்கி அடியைப் பார்த்தார். நாற்காலியைக்கூடச் சாய்த்துப் பார்த்தார். மின்னல் கையில் அந்தத் துண்டோடு சுவரோரம் ஒதுங்கி நின்றான். தட்டும் சாடியும் நாற்காலியும் எப்படியோ காப்பாற்றின.

பிறகு தம்ளரை எடுத்தார்.

"குடிக்கலாமா இதுல?"

"குடிங்கப்பா. அவர் கழுவினது" என்றாள் மகள்.

அவர் மணிக்கட்டு பாதி திரும்பியது. அங்கேயே நின்றது. மகளைப் பார்த்தார், சுவரோரம் நின்ற மருமகனைப் பார்த்தார். தம்ளரை நிமிர்த்தி மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாம். மாப்பிள்ளை கழுவினதைத் திருப்பிப் பார்த்தா மரியாதை இல்ல" என்றார்.

தண்ணீரை ஊற்றினார். வாய் வைத்தே குடித்தார், கடைசிச் சொட்டு வரைக்கும்.

மின்னல் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பொய் போதும். இருங்க மாமா, ஐஸ் தண்ணி கொண்டு வரேன். தம்ளர்ல கீறல் இருக்கு, வேற தரேன். அவன் பெண் எடுத்த வீட்டில் காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் வரை வகைவகையாகப் பொய் சொல்லிப் பிழைக்கிறார்கள். அதில் ஒன்றுகூட அவனுக்கு வாயில் வரவில்லை. மாப்பிள்ளை என்ற சொல் காது நிறைய இருந்தது, வேறெதற்கும் இடமில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஓடி வந்து, எருமையாக இருந்த காலத்துத் தேய்ப்பெல்லாம் தேய்த்தான். ரிமோட்டின் முதுகு, கட்டில் விளிம்பு, அலமாரி இழுப்பறை. தம்ளர்களைக் கீழே கொண்டுபோய்ச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்து வந்தான். எல்லாவற்றையும் தேய்த்தான். குடித்த தண்ணீரை மட்டும் தேய்க்க முடியவில்லை.

மாமனார் சும்மா இருக்கவில்லை. ஒரு சரக்கை உயர்த்துவது என்று முடிவெடுத்தால் அவர் அளவே பார்க்க மாட்டார். மேல்தளத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "இந்த வரிசை முழுக்க என் மாப்பிள்ளை பொறுப்புதான்" என்றார். துண்டு கொண்டுபோன மின்னலை நிறுத்தி, "மாப்பிள்ளை, சாருக்கு அந்த லைட் கதையைச் சொல்லுங்க" என்றார். நீங்க, வாங்க, போங்க என்று மரியாதை வேறு. மின்னல் சொன்னான். சொல்லச் சொல்லக் காது சுட்டது.

மூன்றாம் நாள் காலையில் மாமனார் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. வாந்தி, பேதி. அதே வரிசையில் இன்னும் இரண்டு பேருக்கும் அப்படியே. மருத்துவ அறையில் நர்ஸ் மூவரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். மூவரும் சொன்ன பொதுவான ஒன்று, பச்சைக் காய்கறிக் கலவை.

அந்தக் காய்களை வெட்டுகிறவன் மின்னலின் அறைக்கூட்டாளி. ஊழியர்களின் குகை மாதிரியான அறையில் மேல் அடுக்கில் அவன், கீழ் அடுக்கில் இவன். பெயர் வெள்ளரி. மின்னல் போனபோது வெள்ளரி பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"அடுத்த துறைமுகத்துல இறங்கச் சொல்லிட்டாங்க" என்றான் வெள்ளரி. "உன் மாமனாருக்கு என் வெள்ளரிக்காய் ஒத்துக்கலையாம்."

"உன் மேலதான்னு எப்படிச் சொல்றாங்க?"

"வேற யாரு மேல சொல்வாங்க? உன் மேலயா? உன்னைத்தான் லைட் அடிச்சுப் பார்த்துட்டாங்களே. காய்க்கு லைட் கிடையாது." சட்டையை மடித்து வைத்தான். "மூணு தண்ணியில கழுவுறேன்டா. மூணு தண்ணி. உனக்கே தெரியும், என் கையைப் பாரு, ஊறிப்போய்க் கிடக்கு."

மின்னல் பார்த்தான். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"விடு" என்றான் வெள்ளரி. "மாமனாரைப் போய்ப் பாரு. பெரிய மனுஷன், பாவம்."

மருத்துவ அறைக்கு அவன் நடந்து போகவில்லை, கால் கொண்டுபோனது. மாமனார் தலையணையில் சாய்ந்து, கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தார். குரல் மட்டும் குறையவில்லை. நர்ஸிடம் பேரம் நடந்துகொண்டிருந்தது. கட்டிலோரம் மகள். வாசலில் விளக்கு.

"ரூம்ல இருந்து வந்திருக்குமான்னு நீங்க கேக்குறதே தப்பும்மா" என்றார் மாமனார். "அது என் மாப்பிள்ளை கழுவின ரூம். நான் முப்பது வருஷமா அடியைத் திருப்பிப் பார்க்காம ஒரு கரண்டி வாங்கினதில்ல. அவர் கழுவின தம்ளரைத் திருப்பிப் பார்க்கவே இல்ல. அவ்வளவு நம்பிக்கை. நீங்க அந்தக் காய் வெட்டுறவனைப் பிடிங்க."

"மாமா" என்றான் மின்னல். "தம்ளர் நான் கழுவலை."

"வேற யாரு கழுவினா?"

"யாரும் கழுவலை. துடைச்சேன். முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன துண்டால. வரிசையில எல்லாத் தம்ளரையும் அதே துண்டால. அவங்களுக்கு வாந்தி. எனக்குத் தெரியும். நான் சொல்லலை."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள்.

"புள்ளியே இல்லையேப்பா" என்றார் விளக்கு.

"நீங்க எப்பவும் அதே ஆறு இடத்துலதான் சார் வைப்பீங்க. நான் அந்த ஆறைத்தான் துடைப்பேன்."

விளக்கு தரையைப் பார்த்தார். "அந்த ஆறு இடமும் சுத்தமாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார்.

மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மனைவி அவன் பின்னாலேயே நடைபாதைக்கு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ஒன்பது வருஷமா எல்லார்கிட்டயும் நான் என்ன சொல்லிட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"லைட் அடிச்சுப் பார்க்கிறாங்கன்னு சொன்னேன்."

"அது உண்மைதான்."

"அதான் அசிங்கமா இருக்கு" என்றாள். "அவர் தம்ளரை எடுத்தப்போ என்னை ஒரு பார்வை பார்த்திருக்கலாம் நீங்க. ஏதாவது சொல்லிப் பிடுங்கி வச்சிருப்பேன். நான்தான் குடிங்கன்னு சொன்னேன்."

அறையைச் சீல் வைத்தார்கள். வரிசை முழுக்க மருந்து அடித்தார்கள். மின்னலைக் கப்பலின் அடியில் சலவைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேகத்துக்கு மதிப்பில்லை, மெஷின் சுற்றுகிற வரை காத்திருக்கத்தான் வேண்டும். வெள்ளரி பெட்டியைப் பிரித்துச் சட்டைகளைத் திரும்ப ஆணியில் மாட்டினான். "நேத்தே சொல்லியிருந்தா மடிக்கிற வேலை மிச்சம்" என்றான். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மேல் அடுக்கில் புரண்டு படுக்கிற சத்தம் மட்டும் அடிக்கடி கேட்டது.

பயணம் முடிந்த காலை, மாமனார் தேறிவிட்டிருந்தார். இறங்குகிற படிக்கட்டு வரை மின்னல் பெட்டியைத் தூக்கி வந்தான். மகள் முன்னால் இறங்கினாள். அவர் நின்றார்.

"தம்பி."

"மாமா."

"நான் அந்தத் தண்ணியைக் குடிச்சப்போ நீ எதிர்லதானே நின்னே?"

"ஆமா."

"கையில என்ன வச்சிருந்தே?"

"அந்தத் துண்டுதான் மாமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார், விலை கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி. பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மேலே புது ஆட்கள் ஏறுவதற்கு முன்னால் விளக்கு அறை அறையாக முட்டிபோட்டுக் கட்டிலுக்கு அடியில் புள்ளி வைக்கிறார் என்று சலவைக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். மின்னல் துண்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கணக்குப் பார்த்தான். வரவு, மாப்பிள்ளை என்ற சொல், மூன்று நாள் புழக்கத்தில். பற்று, அதே சொல், வாங்கின இடத்துக்கே. வெள்ளரியின் வேலை, நேர். விளக்கின் இடுப்பு, நஷ்டம். மனைவிக்கு ஒரு பார்வை, கொடுக்காதது. மாமனாருக்கு ஒரு தம்ளர் தண்ணீர், கொடுத்தது. இந்த இரண்டும் பாக்கி.