மூச்சுக்கும் அடிக்கும் இடையில்

10.10.1986, வெள்ளி.
இன்று ஒரு சிறு தவறு. மூன்றாவது ஆட்டத்தில் என் நடுவர் கொடி அரை நொடி தாமதமாக எழுந்தது. மாதப்பண்ணனின் கொடி மேலே போனதைப் பார்த்த பிறகுதான் தூக்கினேன். யாரும் கவனிக்கவில்லை. ஞாயிறு ஆட்டத்தில் அடுத்தவர் கொடியைப் பார்க்கக் கூடாது.

…பார்க்கவில்லையே, இன்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, என்று முந்தாநாள் எழுதிய அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே நினைத்தாள் அற்புதம், நாகலூர் பஸ் இன்னும் ஏரிக்கரையைத் தாண்டவில்லை, ஐந்தே முக்காலுக்கே டிரைவர் விளக்கைப் போட்டுவிட்டார், வெளியே மேகம் சில்வர் ஓக் மரங்களின் இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது, பக்கத்தில் பாவாயி முகக் கவசத்தின் கம்பி பதிந்த தழும்போடு, ஈரம் காயாத தலையோடு, மடியில் மூங்கில் வாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஜெயித்தவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை, தூக்கம்தான் இருந்தது. வாளின் நுனி ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். "ஏனுங்க, அந்தக் கம்பைக் கொஞ்சம் உள்ள இழுங்க, எதுக்க வர்ற லாரிக்காரன் கண்ணைக் குத்திப் போடாதீங்க." பாவாயி கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "இது கம்பு இல்லீங்க, வாளு." "நாலு மூங்கில் பத்தையை ஒண்ணாக் கட்டி வெச்சுக்கிட்டு வாளுங்கறே. சரி கண்ணு, வாளுக்கும் ஒரு டிக்கெட் கிழிச்சரட்டா?" முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அற்புதமும் சிரித்தாள், சிரிக்க முடிந்தது அவளுக்கே பிடித்திருந்தது, ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் யாராவது பார்க்கிறார்களே என்று நோட்டுக்குள் முகத்தைப் புதைத்திருப்பாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் கெண்டோ என்ற ஜப்பானிய வாளாட்டத்தின் பெயரே அவளுக்குத் தெரியாது. எஸ்டேட் ஆபீஸில் டைப் அடித்துவிட்டு வருகிறவளை இந்த மாலை வகுப்புக்கு இழுத்து வந்தது பாவாயிதான், பக்கத்து ஊடு, காப்பி நாற்றுப் பண்ணையில் வேலை, பத்தொன்பது வயசு, தனியாக அனுப்ப மாட்டேன் என்று அவள் அம்மா சொன்னதால் துணைக்கு அற்புதம். காப்பிப்பழம் உரிக்கும் மிஷின்களைப் பழுது பார்க்கும் சூசைமாணிக்கம், வேலைப் பயிற்சிக்கு ஜப்பான் போய் ஒன்றே கால் வருஷம் இருந்துவிட்டு வந்தவர், அங்கே தொழிற்சாலைக்காரர்களோடு சாயங்காலம் பழகியதை இங்கே ஒரு காலிக் காப்பி குடோனில் ஒன்பது பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறார், குடோனுக்குப் பலகைத் தரை, காலை உதைத்தால் இடி மாதிரி கேட்கும். கவசம் இரண்டே செட்தான். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தவர் மாட்டும்போது முந்தியவரின் வேர்வை சுடச்சுட இருக்கும், "கல்யாணமாலை மாதிரி மாத்திக்க வேண்டியதுதானுங்க" என்பார் மாதப்பண்ணன், செம்மநத்தத்தில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர், நாற்பது வயசில் முட்டிவலி வந்ததும் ஆட்டத்தை விட்டுக் கொடி பிடிக்க வந்தவர். அற்புதம் முதல் நாளிலிருந்தே ஆடவில்லை, உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டாள். தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை, நாலு கட்டம், பட்ட அடிக்கு ஒரு கோடு. ஒரு ஆட்டத்தில் இருபத்து மூன்று கோடு விழுந்தது, கொடி எழுந்ததோ இரண்டே தடவை, அன்றைக்கு நோட்டில் "நடுவருக்குக் கண் தெரியவில்லை" என்று எழுதிவைத்தாள். அந்த வரியை இன்னும் கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும், தெரியாததும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தெரியாதுதான் அப்போது. படுவது வேறு, அடிப்பது வேறு. வாளின் மேல்பாகம் சரியான இடத்தில் விழ வேண்டும், அதே கணம் வலது கால் பலகையில் இறங்க வேண்டும், அதே கணம் எங்கே அடிக்கிறோமோ அந்த இடத்தின் பெயர் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், தலைக்கு மென், மணிக்கட்டுக்கு கொத்தே, விலாவுக்கு தோ, வாள், கால், குரல் மூன்றும் ஒரே சத்தமாகக் கேட்டால்தான் புள்ளி, அதோடும் முடியவில்லை, அடித்தவர் எதிராளியைத் தாண்டிப் போய்த் திரும்பி, இன்னொரு அடி வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயார் என்கிற மாதிரி நிற்க வேண்டும். இரண்டு புள்ளி முதலில் எடுப்பவருக்கு வெற்றி. மூன்று நடுவர், ஆளுக்குச் சிவப்பு ஒன்று வெள்ளை ஒன்று, மூன்றில் இரண்டு கொடி எழுந்தால் புள்ளி, இல்லை என்று நினைப்பவர் இரண்டு கொடிகளையும் கீழே குறுக்காக ஆட்ட வேண்டும். இது பிடிபட்ட நாளிலிருந்து அவளுக்கு ஆட்டத்தில் பாதிக்குமேல் வேண்டாததாகத் தெரிந்தது, இருபது அடி வெறும் இரைச்சல், ஒன்று மட்டும் அடி, அந்த ஒன்று வரும்போது உடம்பில் எங்கோ தெரிகிறது… ஜூலையில் சூசையண்ணன் அவள் கையில் கொடிகளைக் கொடுத்தார். ஏன் என்னை, என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

இன்றைக்கு ஆடியது பாவாயியும் பழனிசாமியும். பெங்களூரில் அடுத்த மாதம் பல ஊர்க்காரர்கள் கூடி ஆடப்போகிறார்கள், இந்த வகுப்பிலிருந்து ஒரே ஒருவர் வரலாம் என்று கடிதம் வந்திருந்தது, ஜெயிப்பவர் பெயரை எழுதி நாளைக் காலையில் சூசையண்ணன் தபாலில் போட வேண்டும். பாவாயி சேலத்துக்கு அப்பால் பார்த்ததில்லை. பழனிசாமி பால் வேன் ஓட்டுகிறவன், ஆறடி, விடியற்காலையில் அடிவாரத்துக்கு இறங்குமுன் தினமும் குடோன் வாசலில் முந்நூறு தடவை வாளை வீசுகிறவன், அவனும் ஆசைப்பட்டவன்தான், இதை மறக்கக் கூடாது, பக்கத்து ஊட்டுப் பெண் என்பதற்காக மறக்கக் கூடாது, என்று காலையில் கொடிகளை இஸ்திரி போடும்போதே தனக்குச் சொல்லிக்கொண்டாள். பாவாயி முதுகில் சிவப்பு நாடா, அவன் முதுகில் வெள்ளை. முதல் புள்ளி பழனிசாமிக்கு, தலையில், கூரைத் தகடு அதிர்ந்தது, மூன்று வெள்ளையும் ஒன்றாக எழுந்தன. இரண்டாவதும் அவன்தான் அடித்தான், அதைவிட அழகான அடி, மூன்று கொடியும் எழுந்துவிட்டது, ஆட்டம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும், அவன் திரும்பி வாசலில் நின்ற கூட்டாளிகளைப் பார்த்து வாளைத் தூக்கிக் காட்டினான். சூசையண்ணன் அவளையும் மாதப்பண்ணனையும் நடுவுக்குக் கூப்பிட்டார், மூன்று நடுவரும் ரத்து என்று ஒரே வார்த்தைதான் சொன்னார்கள், புள்ளி திரும்பிப் போனது. வேடிக்கை பார்க்க வந்த வெள்ளையம்மாள், காப்பி பறிக்கிறவர், கடலையை மென்றுகொண்டு கேட்டார், "அடிச்சவன் சந்தோசப்பட்டா பாயிண்டு இல்லையாமா? அப்ப எதுக்கு சாமி அடிக்கறது?" அற்புதத்துக்குப் பதில் தெரிந்திருந்தது. அடித்து முடிந்தது என்று நினைத்தவன் அந்தக் கணத்தில் ஆட்டத்தில் இல்லை, இல்லாதவனுக்கு எப்படிப் புள்ளி… இது சட்டம் இல்லை, ஆட்டமே இதுதான், பதில் தெரிந்திருப்பது நொம்ப சுகமாக இருந்தது.

அதற்கப்புறம் பழனிசாமிக்கு மூச்சு கலைந்துவிட்டது. ஆத்திரத்தில் பாய்ந்தான், பாவாயி ஒதுங்கி விலாவில் ஒன்று வைத்தாள், மூன்று சிவப்பு, ஆளுக்கொன்று. பிறகு மூன்றாவது. அதைத்தான் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மறுபடி ஓட்டிப் பார்த்தாள், காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. இருவரும் வாள் நுனி உரச நிற்கிறார்கள், கூட்டம் அலுத்துப் போய்ப் பேச ஆரம்பிக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கிறார்கள், எவ்வளவு நடக்கிறது அதில், பாவாயி அரை அடி முன்னால் வருகிறாள், அவன் நுனி ஒரு விரல்கடை விலகுகிறது, மறுபடி மூடுகிறான், மறுபடி அரை அடி, இப்போது அவன் குதிகால் கடைசிக் கோட்டில், இனி பின்னால் இடமில்லை, தோள் ஏறுகிறது… அப்புறம் கொத்தே என்று பாவாயியின் குரல், பலகையில் கால், அற்புதத்தின் வலது கையில் சிவப்பு. எதிர்ப்பக்கம் நின்ற சூசையண்ணன் இரண்டு கொடிகளையும் கீழே குறுக்காக ஆட்டினார், இல்லை என்று. அவள் கொடியை இறக்கவில்லை. ஜன்மத்தில் முதல் தடவையாக, தெரிந்த ஒருவர் இல்லை என்று சொல்லும்போது இறக்கவில்லை. இந்தப் பக்கம் மாதப்பண்ணன் கொடியும் மேலேதான் இருந்திருக்கிறது, இரண்டு கொடி, சூசையண்ணன் தன் கண்ணுக்கு எதிராகத் தன் வாயாலேயே பாவாயி ஜெயித்ததாகச் சொன்னார், முகம் கொஞ்சமும் மாறவில்லை. நடுவர் முடிவை யாரும் கேட்கக் கூடாது, ஆடினவரும் கூடாது, நடுவரும் கூடாது.

பழனிசாமி கேட்கவில்லை. குனிந்து வணங்கினான், கவசத்தைக் கழற்றினான், கையுறையை மடித்துத் தட்டில் வைத்துவிட்டு அவளைத் தாண்டிப் போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னான், "ஏனுங்க அற்புதம், என்ர கையி வலிக்கவே இல்லீங்க." அவ்வளவுதான். வலிக்க வேண்டியதில்லையே, பஞ்சு வைத்துத் தைத்த கையுறை, நல்ல அடி வலிக்காது, தப்பான அடிதான் முழங்கைக்கு ஏறி வலிக்கும், அவனுக்கும் தெரியும். ஆனால் வாள்பிடிக்கு மேலே இருக்கும் தோல்வட்டத்தில் பட்டிருந்தாலும் வலிக்காது. அதுவும் தெரியும். எதற்குச் சொன்னான்… குத்தலா? அவன் குத்துகிறவன் இல்லை.

"அக்கா," என்றாள் பாவாயி, தூக்கம் கலைந்து, "பெங்களூர்ல குளிரு நம்மூரு மாதிரியே இருக்குமாமா? அம்மா இப்பவே சால்வை கேட்டு வெச்சிருக்குதுங்க." இருக்கும் என்றாள் அற்புதம். பிறகு, கேட்கத்தான் வேண்டுமா என்று இரண்டு வளைவு யோசித்துவிட்டுக் கேட்டாள், "கடைசி அடி எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" பாவாயி கொட்டாவி விட்டாள். "அவரு மூச்சு எடுத்தாருங்க்கா. தோளு மேல போச்சு பாருங்க, அப்பவே முடிஞ்சு போச்சு. அடிச்சதெல்லாம் சும்மா, கணக்குக்கு." ஆமாம், என்று அற்புதத்துக்குள் ஏதோ துள்ளியது, ஆமாம், அதைத்தான் நானும் பார்த்தேன், அந்த மூச்சை, குடோனில் அத்தனை பேர் இருந்தும் நாம் இரண்டு பேர் மட்டும்… அப்போதுதான் தன் வலது கை மடியில் இருந்தபடியே லேசாக அசைந்ததை அவள் பார்த்தாள். அவன் தோள் ஏறியது. தன் கை எழுந்தது. அப்புறம்தான் குரல். குரல் வந்தபோது கொடி எங்கே இருந்தது? இடுப்புக்கு மேல். கால் பலகையில் இறங்கியபோது தோளுக்கு வந்துவிட்டிருந்தது. மறுபடி ஓட்டினாள், நிதானமாக, ஒவ்வொன்றாக, தோள் தெரிகிறது, பாவாயியின் இடது குதிகால் தெரிகிறது, பழனிசாமியின் முகக் கம்பிக்குப் பின்னால் திறந்த வாய்கூடத் தெரிகிறது, வாள் மணிக்கட்டில் விழுகிற இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை, வெறுமை, நோட்டில் ஒரு கட்டம் கோடு விழாமல் கிடக்கிற மாதிரி.

"பட்டுச்சா, பாவாயி? மணிக்கட்டுல?" "தெரீலீங்க்கா," என்றாள் பாவாயி, கள்ளமே இல்லாமல், "நான் தாண்டிப் போயிட்டனுங்களே. திரும்பிப் பாத்தேன், அக்கா கொடி நின்னுச்சு. அப்பப் பட்டிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்." மாதப்பண்ணன்? அவர் பார்த்துத் தூக்கினாரா, இல்லை அவரும் வெள்ளிக்கிழமை நான் செய்ததை ஞாயிற்றுக்கிழமை செய்தாரா? அவரை நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று எழுதிவைத்து அப்படியே நடந்தேன், அதனால் தெரியாது. இதற்காக மனசு பதறவில்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். முன்பென்றால் நான் யார் கொடி பிடிக்க என்று ஆரம்பித்திருக்கும். இப்போது கண்ணில் சந்தேகம் இல்லை, அந்த மூச்சைப் பார்த்தது பொய்யில்லை, சூசையண்ணனே தவறவிட்டிருக்கலாம். ஆனால் கொடி மூச்சுக்குத் தூக்குவதில்லை, அடிக்குத் தூக்குவது. அவன் தோள் ஏறியபோது கை எழுந்தது தெரிந்ததாலா, ஆசையாலா? இரண்டும் கையில் ஒரே கனமாகத்தான் இருக்குமோ… நாகலூர் வந்துவிடும், இன்னும் ஒரு மைல். "என்னங்க்கா எழுதறீங்க, என் பேரு வருதுங்களா?" என்றாள் பாவாயி. வருகிறது என்றாள். பஸ்ஸின் ஆட்டத்தில் எழுத்து கோணியது, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

12.10.1986, ஞாயிறு.
பாவாயி பழனிசாமியை வென்றாள். அதை நான் பார்த்தேன். வாள் பட்டதை நான் பார்க்கவில்லை.
நாளை: ஏழு மணி பஸ். பஸ்ஸில் பாவாயியிடம் சொல்ல வேண்டும். பிறகு, கடிதம் தபாலுக்குப் போகுமுன், சூசையண்ணனிடம்: என் கொடி அடிக்கு முன்பே எழுந்துவிட்டது.