பனி விட்டோ

ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருப்பவர்கள் மார்கழி பிறந்துவிட்டால் காலையில் ஒருவரையொருவர் தூங்கினாயா, சாப்பிட்டாயா என்றெல்லாம் விசாரிப்பதில்லை. "பனி விட்டுருச்சா?" அவ்வளவுதான் விசாரிப்பு. இலையில் பனி நிற்கிறவரை மருந்தடிக்க முடியாது. அடித்தால் மருந்து வழிந்து மண்ணுக்குப் போகும். அடிக்காமல் விட்டாலோ இலையில் நோய் விழுந்து, காய் கருகி, வருஷமே போச்சு. அதனால் பனி எப்போது விடும் என்று வானத்தைப் பார்த்தபடி ஊரே நிற்கும்.

மொக்கம்மாளின் வீடு தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அடுப்படியில் நின்றபடியே குரல் கொடுப்பாள். "ஏலே திலீபா, பனி விட்டுருச்சாடா?" பந்தலுக்கடியில் நிற்கும் மகன் ஓர் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "விட்டுருச்சு ஆத்தா!" என்று திருப்பிக் கத்துவான். வீட்டுக்குள் அவள் அவனுக்கு அம்மாதான். தோட்டத்திலிருந்து கத்தும்போது மட்டும் ஆத்தா. அம்மா என்று கத்தினால் நடுவில் வாய் மூடிக்கொள்கிறது, ஆத்தா என்றால்தான் அடுப்படிவரை போய்ச் சேர்கிறது என்பது அவன் கட்சி.

திலீபனுக்கு இருபத்திரண்டு வயது. பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டுவதில் கெட்டிக்காரன். கம்பியை விட்டால் கிட்டார். அதற்கு அவனுக்கு வாத்தியார் யாரும் கிடையாது. 'நாலாம் மைல்' இருந்தது. குமுளிக்கு மேலே மலையில் இருக்கிற நாலு பேர் சேர்ந்து நடத்தும் ராக் இசைக்குழு அது. மலையாளத்தில் பாடுவார்கள். அக்கா யுவராணி நர்சிங் படிக்கப் போன இடத்திலிருந்து அவர்கள் பாட்டையெல்லாம் ஒரு மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். அப்போது இவன் ஒன்பதாம் வகுப்பு. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்! கிறிஸ்டோபர் கிட்டாரில் ஓர் இழுப்பு இழுத்தார் என்றால் இவனுக்கு இங்கே சோறு இறங்காது. ஜெஸ்லின் பாடினால் கேட்கவே வேண்டாம். மருந்தடிக்கிற ஸ்பிரேயர் டாங்கில் அவர்கள் படத்தை ஒட்டி வைத்திருந்தான். மருந்து பட்டு ஜெஸ்லினின் முகம் பாதி அழிந்த அன்று, ஏதோ வீட்டில் துக்கம் நடந்ததுபோல் உட்கார்ந்திருந்தான்.

அர்த்தம் தெரியுமா என்றால், பாதி தெரியும், பாதி தெரியாது. மலையாளம்தானே, நம் பாஷையை மூக்கால் பேசினால் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் தேனிப் பக்கம் நிறையப் பேர். இவனும் அந்தக் கூட்டம்தான்.

அவர்களுடைய பழைய பாட்டு ஒன்று இருந்தது. ஜெஸ்லின் எழுதிப் பாடியது. அதில் ஒரே ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வரும். "பனி விட்டோ, குஞ்ஞே, பனி விட்டோ?" முதல்முறை கேட்டதுமே திலீபன் துள்ளிக் குதித்துவிட்டான். ராக் பாட்டுக்காரர்கள் நம் தோட்டத்துக் கேள்வியைக் கேட்கிறார்கள்! அட, மலைமேல் இருக்கிறவர்களுக்கும் பனிக் கவலை இருக்காதா? குஞ்ஞே என்று திராட்சைப் பிஞ்சைத்தான் கொஞ்சுகிறார் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டான்.

இந்தக் கார்த்திகையில் ஒரு காலை, பந்தலுக்கடியில் உட்கார்ந்து அந்தப் பாட்டைத் தன் போக்கில் பாடிப் படம் பிடித்தான். அந்த ஒரு வரியை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் தானே தமிழில் எழுதிய வரிகளைச் சேர்த்தான். பனி, பிஞ்சு, மருந்து, வெயிலுக்குக் காத்திருப்பது என்று எல்லாம் அதில் வந்தன. ஜெஸ்லினின் பாட்டில் கேள்வி மட்டும்தான் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? ஒவ்வொரு தடவையும் முடிவில் "விட்டுருச்சு ஆத்தா, விட்டுருச்சு" என்று பாடினான். யூடியூபில் ஏற்றிவிட்டுக் கம்பி கட்டப் போய்விட்டான்.

இருபதாம் நாள் ஜெஸ்லினிடமிருந்தே செய்தி வந்தது. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் பாடுகிறோம், நீ வந்து எங்களோடு இந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். திலீபனுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். "எறக்குடா, கொழம்பு தீயுது" என்றாள் மொக்கம்மாள். ஆனாலும் அன்றைக்கு ஊரில் அவள் சொல்லாத வீடு பாக்கியில்லை. "எம் மகன மேடைக்குக் கூப்பிட்டிருக்காக. அவுகளாவே கூப்பிட்டிருக்காக."

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சனிக்கிழமை யுவராணி லீவில் வந்தாள். கட்டப்பனையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். பையை இறக்கி வைத்தவள், உள்ளே தம்பி பாடிப் பழகுவதைக் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏலே, நிறுத்து. அந்த வரிய இன்னொருவாட்டி பாடு."

பாடினான்.

"பனின்னா என்னான்னு நெனச்சுப் பாடுற?"

"பனிதான். வெளிய விழுகுதே, அது."

"கூறுகெட்டவனே! மலையாளத்துல பனின்னா காய்ச்சல்டா. காய்ச்சல் விட்டுருச்சா, கொழந்தன்னு கேக்குறாக. வார்டுல ஒரு நாளைக்கு நூறு தடவ இதத்தான நான் கேக்குறேன்!"

திலீபன் முகத்தில் ஈயாடவில்லை. "நீ வீடியோ பாத்தியே. ஹார்ட்டெல்லாம் போட்டியே."

"டூட்டில சத்தம் வைக்க முடியுமா? தம்பி மூஞ்சி தெரிஞ்சுச்சு, போட்டேன்."

அப்புறம்தான் அவனுக்கு அது நினைவுக்கு வந்தது. வீடியோவுக்குக் கீழே மலையாள எழுத்தில் முப்பது, நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பாராட்டுத்தான் என்று நம்பி ஒவ்வொருவருக்கும் 'நன்றி சேட்டா' என்று பதில் போட்டு வைத்திருந்தான். போனை அக்காவிடம் நீட்டினான். அவள் படித்துக்கொண்டே போனாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"காய்ச்சலுக்கு ஸ்பிரேயர்ல மருந்தடிச்ச மொத டாக்டர்னு ஒருத்தன் எழுதியிருக்கான். நீ அவனுக்கு நன்றி சொல்லியிருக்க."

மானம் கப்பலேறிப் போயிற்று. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். கூப்பிட்டது கேலி செய்யத்தானா? மேடையில் ஏற்றிவிட்டுச் சிரிக்கப் போகிறார்களா? அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். யாரோ ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது, ஒரு தாய் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். அந்தப் பாட்டில் போய் மருந்தையும் பந்தலையும் கொட்டி வைத்திருக்கிறோமே! சாமியாகக் கும்பிட்டவர்களின் பாட்டைத் தானே கெடுத்துவிட்டோம் என்பதுதான் அவனைப் போட்டு அறுத்தது.

"நான் போகலம்மா" என்றான் சாப்பிடும்போது.

மொக்கம்மாள் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "வாரேன்னு சொல்லியிருக்கேல்ல? போகாட்டி அவுக வழியப் பாத்துக்கிட்டு நிப்பாக. நேர்ல போயி, தெரியாமப் பாடிட்டேன்னு சொல்லிரு. வைஞ்சா வாங்கிக்க. ரெண்டு வசவுல ஒன்னும் கொறஞ்சு போயிற மாட்ட."

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, அவள் முதுகில் கிட்டாரை மாட்டிவிட்டு வண்டியில் போனான். பாடப் போவதில்லை, திருப்பிக் கொண்டுவரத்தானே இந்தக் கிட்டார் என்று வழியெல்லாம் புலம்பினான். "மூடிக்கிட்டு ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் யுவராணி.

மேடையில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவன் மைதானத்துக்குள் கால் வைத்ததுதான் தாமதம், நரைத்த தாடிக்காரர் ஒருவர் மேலேயிருந்து குதித்து ஓடி வந்தார். கிறிஸ்டோபர்! கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு நீட்டினார். தன்னைத் தொடுவதற்கு அவர் எதற்குக் கையைத் துடைக்க வேண்டும் என்று திலீபனுக்கு விளங்கவில்லை.

"திலீபன் அல்லே? ஒரு காரியம் சொல்லு. வீடியோவில தொடக்கத்துல வண்டுச் சத்தம் மாதிரி ஒரு மூளல் கேக்குதே, அது எந்தக் கிட்டார் பெடல்? ஒரு மாசமா தலைய உடைச்சுக்கிறேன், எனக்கு வரல."

"பெடல் இல்ல சார். பந்தக் கம்பி."

"கம்பியோ?"

"தூணுக்குத் தூணு முறுக்கிக் கட்டியிருப்போம் சார். முறுக்கு சரியா இருக்கான்னு தட்டிப் பாப்போம். தட்டுனா அப்பிடித்தான் வண்டு மாதிரி முனகும்."

கிறிஸ்டோபர் திரும்பி மேடையைப் பார்த்து, "கம்பியாணு! திராட்சப் பந்தலாணு!" என்று கத்தினார். டிரம்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கிறிஸ்டோபர் அவன் உள்ளங்கையைத் திருப்பி, கம்பி அறுத்த தழும்புகளைப் பார்த்தார். "ஒரு நாள் வருவேன். நீ தட்டு, நான் கேட்டுக்கிறேன்" என்றார். எட்டு வருஷமாக யாருடைய விரலைப் போனில் உற்று உற்றுப் பார்த்தானோ, அவர் இவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படக்கூட விடாமல் அந்தத் தப்பு குறுக்கே வந்து நின்றது.

ஜெஸ்லின் ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். திலீபன் போய் நின்றான். ஒப்பித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"மேடம், நான் தப்பாப் பாடிட்டேன். பனின்னா எங்கூர்ப் பனின்னு நெனச்சுட்டேன். காய்ச்சல்னு நேத்துத்தான் அக்கா சொல்லுச்சு. உங்க பாட்டக் கெடுத்துப்புட்டேன். மன்னிச்சுக்கங்க. வீடியோவ இப்பவே எடுத்துர்றேன்."

யுவராணி அதை மலையாளத்தில் சொல்ல வாயெடுத்தாள். ஜெஸ்லின் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குத் தமிழ் தெரியும் மோளே. குமுளிக்காரி நான்." பிறகு அவனைப் பார்த்தார். "தெற்று, தப்புன்னு எனக்கு முதல் தடவ கேட்டப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா கூப்புட்டீக?"

ஜெஸ்லின் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு ஒரு மோன் இருந்தான். அஞ்சு வயசு. பதினொரு நாள் பனி. நெத்தியில கை வச்சு வச்சு நான் கேட்டதுதான் அந்த வரி. பனி விட்டோ, பனி விட்டோன்னு." தன் புறங்கையைப் பார்த்தார். "விடல."

திலீபன் தலையைக் குனிந்துகொண்டான். யுவராணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெக்கார்டிங்கில ஒரு தடவ பாடினேன். மேடையில இன்னைவரைக்கும் பாடினதில்ல. அந்த வரியக் கேட்டுட்டு நிறுத்தினா, அப்புறம் ஒரு சத்தமும் வராது பாத்தியா, அது எனக்குத் தாங்காது. அப்ப உன்னோட வீடியோ வந்தது. நான் கேட்ட கேள்விய நீ கேக்குற. கேட்டுட்டு நீயே பதிலும் சொல்ற. விட்டுருச்சு ஆத்தா. ஆத்தான்னா என்னன்னு எனக்குத் தெரியல. எங்க ஊர்ல டீக்கடை வச்சிருக்கிற கம்பத்துக்காரர்ட்ட கேட்டேன். அம்மான்னார்." அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். "அன்னைக்கு உன் வீடியோவ எத்தன தடவ கேட்டேன்னு கிறிஸ்டோபர்ட்ட கேளு. அதனால தெற்றாவே பாடு மோனே. திருத்திராத."

அவன் தலையாட்டினான்.

ஐந்தரைக்கு நிகழ்ச்சி தொடங்கியது. மொக்கம்மாள் பஸ் பிடித்து வந்து, பையன்களை நெட்டித் தள்ளிவிட்டு முன்வரிசையில் யுவராணி பக்கத்தில் இடம்பிடித்துவிட்டாள். மூன்றாவது பாட்டுக்கு அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கிறிஸ்டோபர் கிட்டாரில் கம்பி முனகுகிறமாதிரியே ஒரு சத்தத்தை ஆரம்பித்துவிட்டு, சரிதானா என்று இவன் முகத்தைப் பார்த்தார். சரிதான் என்று தலையசைத்தான்.

ஜெஸ்லின் மெல்லப் பாடினார். "பனி விட்டோ, குஞ்ஞே, பனி விட்டோ?" பாடி நிறுத்தினார். நிறுத்தி, இவனைத் திரும்பிப் பார்த்தார்.

காய்ச்சலில் கிடந்த அந்தப் பிள்ளைதான் இவன் கண்ணில் நின்றது. ஒரு விநாடி, இரண்டு விநாடி. கிட்டாரும் நின்றுவிட்டது. மைதானமே அமைதியாகிவிட்டது. அவர் எதற்கு இத்தனை வருஷம் பயந்தாரோ அந்த அமைதி. ஜெஸ்லினின் முகம் மாறுவதை அவன் பார்த்தான். பார்த்தும் குரல் வரவில்லை.

முன்வரிசையிலிருந்து மொக்கம்மாளின் குரல் வந்தது. பாட்டு, மேடை, மைக் எதுவும் அவளுக்குக் கணக்கில்லை. கேட்ட கேள்விக்கு மகன் பதில் சொல்லாமல் நிற்கிறான், அவ்வளவுதான்.

"ஏலே, கேக்குறாகள்ல? சொல்லேண்டா!"

கூட்டம் சிரித்தது. திலீபன் பாடவில்லை. பந்தலுக்கடியிலிருந்து கத்துவதுபோலவே, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"விட்டுருச்சு ஆத்தா!"

எந்த ஆத்தாவுக்குச் சொன்னான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. டிரம்ஸ் இடித்துக்கொண்டு எழுந்தது, கூட்டமும் எழுந்தது. ஜெஸ்லின் மைக்கை விட்டு நகர்ந்து வந்து, அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய், அந்தப் பாட்டில் அவர் எழுதாத ஒரு சொல்லை மைக்கில் சொன்னார்.

"விட்டு."

யுவராணி அம்மாவிடம் குனிந்து அர்த்தம் சொல்லப் போனாள். "விட்டுருச்சுன்னுதான சொல்றாக? எனக்கு வெளங்குது, நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, மொக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.