கையை எடுத்தல்

பத்து மணி நாற்பத்தேழுக்கு சஃப்வான் மாடி ஏறி வந்தான். பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வலது தோளில் கிடார். இடது கை பேண்ட் பைக்குள் இருந்தது.

தி. நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால், அவன் அப்பா பீர் முஹம்மதுவின் லைனிங் துணிக் கிடங்கு அது. நான்கு சுவரிலும் கூரைவரை துணிக்கட்டுகள். சத்தம் வெளியே போகாது. பதினோரு வருடங்களுக்கு முன் அங்கேதான் 'மீட்டர் கேஜ்' குழுவைத் தொடங்கினான். அவன் கிடார், ஹம்சா கீபோர்டு, ஜவஹர் டிரம்ஸ். பாடகர் கிடையாது. ஒவ்வொரு ட்யூனும் பத்து, பன்னிரண்டு நிமிடம். மெதுவாக ஏறி, கடைசியில் உடையும். அடையாறில் நடந்த முதல் நிகழ்ச்சிக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். அரை மணி கழித்து ஒருவர், "பாட்டு எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். ஐந்தாவது வருடம் மும்பையில் இரண்டாயிரம் பேர் நின்று கேட்டார்கள். மூன்று ஆல்பங்கள். எல்லா ட்யூன்களும் சஃப்வானுடையவை.

காரணம், அவன் போட்ட விதி. புது ட்யூனைப் பற்றிப் பேசக்கூடாது. கொண்டுவந்தவர் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்டபடியே சேர்ந்துகொள்ள வேண்டும். பிடிக்காதவர் கையை எடுத்துவிடலாம். ஒருவர் எடுத்தாலும் ட்யூன் அதோடு முடிந்தது. ஏன் என்று கேட்கக்கூடாது. சொல்லவும் கூடாது.

ஹம்சா பதினான்கு ட்யூன்கள் கொண்டுவந்தாள். பதினான்குக்கும் அவன் கையை எடுத்தான். ஒன்றுக்காக அவள் எட்டு மாதம் உழைத்திருந்தாள். நாற்பது நொடியில் எடுத்துவிட்டு, "டீ சொல்லட்டா?" என்றான்.

இரண்டு வருடங்களுக்கு முன் பாலவாக்கத்தில் சஃப்வானின் பைக் சறுக்கியது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அதன் பிறகு மடங்கவில்லை. அவன் இடத்துக்கு விக்கி வந்தான். பயிற்சி அதே கிடங்கில்தான் நடந்தது. பீர் முஹம்மது சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

வரும் மே மாதம் ஜப்பானில் நிகழ்ச்சிகள். ஒன்பது ஊர்கள். போன வாரம் சஃப்வான் ஹம்சாவுக்குப் போன் செய்தான். மூன்று விரலுக்கு ஒரு ட்யூன் செய்திருக்கிறேன் என்றான். அது தேறினால் தன்னையும் குழுவில் சேர்த்துக் கூட்டிப்போக வேண்டும் என்றான்.

"பழைய விதிதானே?" என்று கேட்டாள்.

"பழைய விதிதான்."

"அப்ப வா."

ஜவஹர் ஸ்டூலிலிருந்து எழுந்து அவனைக் கட்டிக்கொண்டான்.

"இன்னா மச்சி, இப்டி இளைச்சிட்ட?"

"எனக்குப் போட்ட சோத்தையும் நீதான துன்னுக்கினு கீற."

ஜவஹர் சிரித்தான். விக்கி ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். இருபத்துமூன்று வயது. எழுந்து நின்றான்.

"உக்காரு நைனா," என்றான் சஃப்வான். "ரெண்டாவது ஆல்பத்துல ஒரு எடத்துல நான் தப்பா அடிச்சிருப்பேன். அதக் கூட அப்டியே அடிக்கிறியாமே?"

"அங்கதாண்ணா எல்லாரும் கைதட்டுறாங்க."

சஃப்வான் கிடாரை எடுத்தான். கம்பிகளுக்கு வேறு மாதிரி சுருதி கூட்டியிருந்தான். நீட்டிய இரண்டு விரல்களும் காற்றில் நிற்க, மற்றவை தொட்டன. நான்கு சுரங்கள். மறுபடியும் அதே நான்கு. மூன்றாவது சுற்றில் ஜவஹர் சேர்ந்தான். ஐந்தாவதில் ஹம்சா.

ஆறாவது நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த அறையில் இவ்வளவு நல்லதை யாரும் வாசித்ததில்லை. அவன் கை ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இரண்டு விரல் போனதால் அவன் வேகத்தை விட்டிருந்தான். வேகம் போன இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. ஜவஹர் கண்களை மூடிக்கொண்டு அடித்தான். விக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டாவது நிமிடத்தில் சஃப்வான் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். இடது கையால் ஒரு கீழ்ச் சுரத்தைச் சேர்த்தாள். அது அந்த ட்யூனுக்குப் பொருந்தியது. அவன் தலையாட்டினான். வியர்த்திருந்தான்.

ஒன்பது. பத்து. ட்யூன் ஏறியது. எங்கே உடையும் என்று மூவருக்கும் தெரிந்தது. இன்னும் நான்கு சுற்று. மூன்று. இரண்டு.

ஹம்சா இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சஃப்வான் கவனிக்கவில்லை. கடைசிச் சுற்றுக்குள் போனான். ஜவஹர் கண் திறந்தான். அவள் கைகளைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். இரண்டு அடி அடித்தான். நிறுத்தினான்.

கிடார் மட்டும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. துணிக்கட்டுகள் அதை உறிஞ்சிக்கொண்டன.

அவன் நிமிர்ந்தான். ஜவஹர் குச்சிகளைக் காலடியில் வைத்தான். விக்கி எழுந்து வந்து தன் கிடாரை மாட்டிக்கொண்டான். கையை நீட்டி, சஃப்வான் வயரைக் கழற்றித் தருவதற்காக நின்றான்.

சஃப்வான் வயரைக் கழற்றிக் கொடுத்தான். கிடாரை உறையில் போட்டான். ஜிப்பை இழுக்க இடது கை ஒத்துழைக்கவில்லை. முழங்காலால் உறையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் இழுத்தான். யாரும் உதவவில்லை.

வாசல் வரை போய் நின்றான்.

"கேக்கக் கூடாதுதான். நான் போட்டதுதான்," என்றான். "இருந்தாலும் இது ஒண்ண மட்டும் சொல்லு, ஹம்சா. ட்யூனா, என் கையா?"