திங்கட்கிழமை பத்து மணி

வயது என்ற கட்டத்தில் ஐம்பத்தாறு என்று எழுதினாள். தொழில்: பள்ளி வேன் ஓட்டுநர். அடுத்த கட்டத்தில் 'இறப்பு' என்று எழுதினாள். அண்ணன் போய் இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாடியில் தனியறையில் அவனைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் கீழே பதிவேட்டு அறையில் அவனைப் படிவத்தில் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. தொற்றுநோய் என்று எந்த டாக்டர் சந்தேகப்பட்டாலும் அன்றைக்கே படிவம் சுகாதார அலுவலகத்துக்குப் போக வேண்டும். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. ரிசல்ட் வரட்டுமே என்று இழுக்கும் இளம் டாக்டர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். "சந்தேகம்னாலே அனுப்பணும் சார். ஊருக்கெல்லாம் பரவின பிறகு அனுப்புறதுக்கு நான் எதுக்கு?" முதுகுக்குப் பின்னால் அவளுக்குச் 'சந்தேக அக்கா' என்று பெயர். அது தெரிந்து உள்ளூரப் பெருமைதான் அவளுக்கு.

அப்பேர்ப்பட்டவள் அண்ணனுடைய படிவத்தை இரண்டு நாள் மேஜை டிராயரில் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக இங்கே வந்தான். பத்து நாள் தொண்டை வலியை உப்புத் தண்ணீர் கொப்பளித்தே ஓட்டியிருக்கிறான். கூடவே வண்டியையும் ஓட்டியிருக்கிறான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படிந்திருந்தது. தொண்டை அடைப்பானாக இருக்கலாம் என்று எழுதி அவளிடம் கொடுத்தார். அப்போது மணி பத்து.

"ரிசல்ட் வரட்டும்மா," என்றான் அண்ணன், பாதிக் குரலில். "ஸ்கூலுக்குத் தெரிஞ்சா வேனுக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. அப்புறம் வெறும் தொண்டை வலிதான்னு போய் நின்னா திருப்பிக் குடுப்பாங்களா? ரெண்டே ரெண்டு நாள், காய்ச்சல்னு லீவு சொல்லிக்கிறேன்."

"பிள்ளைங்க இருக்காங்களேண்ணா."

"எல்லாம் ஊசி போட்ட பிள்ளைங்க. நீ சும்மா பயந்து சாகாத."

அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்தவன் அவன். இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். இத்தனை வருஷத்தில் அவளிடம் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. மாலையில் டாக்டர், "அனுப்பியாச்சா?" என்று கேட்டபோது, "ஆச்சு சார்," என்றாள். அவளைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

இன்று புதன்கிழமை. காலையில் ரிசல்ட் வந்தது, அந்த நோயேதான். அரை மணியில் அண்ணனின் இதயம் நின்றுவிட்டது. திங்கட்கிழமையே தனியறையில் சேர்த்து மருந்தெல்லாம் கொடுத்திருந்தார்கள். பத்து நாள் கழித்து வந்தவனுக்கு அது போதவில்லை.

டாக்டர் உள்ளே வந்து மேஜையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். அது போகவே இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 'சந்தேகம் ஏற்பட்ட நாள்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"இன்னைக்குத் தேதி போடுங்கம்மா," என்றார் மெதுவாக. "நானும் மாத்திக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். போனவர் போயிட்டாரு. உங்க வேலையாவது மிஞ்சட்டும்."

அவள் திங்கட்கிழமைத் தேதியை எழுதினாள். பக்கத்தில் காலை பத்து மணி என்றும் எழுதினாள்.

"பைத்தியக்காரத்தனம் பண்ணாதீங்கம்மா!"

"அதைத் திங்கக்கிழமையே பண்ணிட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு, சுகாதார அலுவலகத்துக்கு போன் போட்டாள்.

அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவில் தடுப்பு மாத்திரைக் கவரோடு நின்றிருந்தாள். அவளுக்கும் இவளுக்கும் தொண்டையில் குச்சி விட்டு மாதிரி எடுத்தாயிற்று.

"வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதாம். நாலு மணிக்கு இங்கிருந்தே எடுத்துடுவாங்களாம். நீயாவது முன்னாடி வந்து நில்லு."

"நான் வரல அண்ணி. சுகாதார ஆய்வாளரோட போறேன். வேன்ல வந்த பதினாலு பிள்ளைங்களையும் பாக்கணும்."

"அதுக்கு வேற நாதி இல்லையா? கூடப் பிறந்தவன்டி உனக்கு!"

"அதனாலதான் அண்ணி போறேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி திட்டவில்லை. "அன்னைக்கு போன்ல நான்தான் அவரை உன்கிட்டக் கேக்கச் சொன்னேன்," என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகுதான் இருவருக்கும் அழுகை வந்தது.

பள்ளிக்குத் தகவல் போய், பிள்ளைகள் மதியமே வீடு திரும்பியிருந்தார்கள். ஆய்வாளர் நிதானமான மனிதர். வீடு வீடாக ஏறி, "ஆன்னு காட்டு" என்று டார்ச் அடித்தார். மாத்திரை கொடுத்துவிட்டு, ஊசிக் கணக்கைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஏழாவது வீட்டில் ஒரு வாண்டு திறந்த வாயை மூட மறுத்தது. "போதும் ராசா, ஈ புகுந்துடப் போகுது," என்றார். முகக்கவசத்துக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். நாலு மணிக்கு அவர்கள் பதினோராவது வீட்டில் இருந்தார்கள். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் அடுத்த முகவரியைப் படித்தாள்.

பதிமூன்று பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. கடைசி வீடு மாடியில் இருந்தது. ஐந்து வயசுப் பெண் குழந்தை கட்டிலில் சுருண்டு கிடந்தது.

"நேத்துல இருந்து எதையும் முழுங்க மாட்டேங்குறா," என்றாள் அதன் தாய். "சளின்னு நினைச்சேன். அஞ்சு வயசு ஊசிகூட இன்னும் போடல."

ஆய்வாளர் இரண்டு முறை டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கத்தில் குனிந்து அவளும் பார்த்தாள். அதே சாம்பல் நிறம்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. மருந்து இருக்கு, ஜீப் கீழ நிக்குது," என்றார் அவர்.

தாய்க்கு முகம் வெளிறியது. "வேன் டிரைவருக்கு வந்ததா? அவருக்கு இதுன்னு எப்பத் தெரியும்?"

"இன்னைக்குக் காலைலதான் ரிசல்ட்டு..." என்று தொடங்கினார் ஆய்வாளர்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கே தெரியும்மா," என்றாள் அவள். "அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும், சொல்லல. அவர் என் அண்ணன்."

தாய் குழந்தையை மடியில் போட்டு ஒரு காலில் செருப்பை மாட்டினாள். இன்னொன்றைக் காணாமல் தேடினாள். இவள் மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து அதை எடுத்து நீட்டினாள். தாய் அதை வாங்காமல், குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு படி தள்ளி, அவளும் பின்னாலேயே இறங்கினாள்.