பாலம் தாண்டுவதற்குள்

ஸ்ரீரங்கத்தில் கணக்கு வாத்தியார் சாரங்கபாணிக்கு ஆசாரம் என்றால் உயிர். ரயிலில் ஏறினால் இறங்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. காஞ்சீபுரம் போய் வந்தாலும் அப்படித்தான்.

மனைவி காலமான பிறகு அடுப்படியும் தளிகையும் அவர் தலையில் விழுந்தன. ஒரே பெண் வத்ஸலா, திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் காலேஜில் பி.ஏ. கடைசி வருஷம். காலையில் ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு, மத்தியானத்துக்குத் தயிர்சாதத் தூக்கை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுவாள். காலேஜ் விட்டதும் நாலரை வண்டியில் வீடு திரும்பியாக வேண்டும். கூட்டம், நாடகம் என்று அங்கே தங்குகிற பேச்சே கூடாது. மார்க்கு வாங்கினால் போதும் என்பது அவர் கட்சி. அவளும் வாங்கினாள், எப்போதும் முதலாவதாக. சாயங்காலம் வந்ததும் வராததுமாக, மீந்த சாதத்தை வழித்துச் சாப்பிடுவாள். மூளை வேலை செய்தால் பசிக்கத்தானே செய்யும் என்று இவர் பூரித்துப்போவார். பாவம் மனிதர்!

முப்பத்தொன்பதாம் வருஷம், மதராஸில் எம்.ஏ. சேர விண்ணப்பத் தாள் வந்தது. வத்ஸலா எழுதி, அப்பாவின் கையெழுத்துக்காக மேஜைமேல் வைத்திருந்தாள். ‘பாடம் தவிர, கல்லூரியில் பங்கெடுத்த காரியங்கள்’ என்று பெரிய கட்டம் ஒன்று. அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அதற்கு நேர் கீழேதான் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

கூட வேலை பார்க்கும் தேசிகனிடம் யோசனை கேட்டார்.

“மார்க்கு எல்லாரும்தான் வாங்கறா, ஓய். இருக்கறது ஆறு இடம். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் பொறுக்கறா” என்றார் தேசிகன்.

சாரங்கபாணி காலிக் கட்டத்தையே நினைத்துக்கொண்டு வீடு திரும்பினார். கட்டத்தைக் காலியாக வைத்தவள் அவளா? நாலரை வண்டி என்று பிடிவாதம் பிடித்த தான் அல்லவா? மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, தலைவியான மதரின் காலில் விழாத குறையாக, அவளை எதிலாவது சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சுவதென்று காலேஜுக்குப் போனார். பகல் இடைவேளை நேரம். மைதானத்தில் ஒரே கூச்சல். வேர்க்க விறுவிறுக்கத் தண்ணீர் குடிக்க வந்த பெண் ஒருத்தி அவரைப் பார்த்து நின்றாள்.

“யாரைப் பாக்கணுங்க?”

“மதரை. நான் வத்ஸலாவோட தோப்பனார்.”

“எங்க கேப்டனோட அப்பாவா! நான் லூர்துராணிங்க, அவளோட கிளாஸ்.”

“கேப்டனா?”

“ரிங் டென்னிசுக்குங்க. பேச்சு மன்றத்துக்கும் அவதான் செக்ரட்டரி. எல்லாம் இந்த ஒரு மணி நேரத்துலதாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போயிரணும்ல?”

“அப்போ எப்போ சாப்பிடறா?”

“காலையில ரயில்லயே ஆயிருங்க. காவேரிப் பாலத்துல வண்டி ஏறுறப்ப தூக்கைத் தொறப்பா, பாலம் தாண்டுறதுக்குள்ள காலி!” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயா, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. இதெல்லாம் விண்ணப்பத்துல எழுதுடின்னா, அப்பா படிச்சா வருத்தப்படுவாருன்னு மாட்டேங்கறா.”

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எம்பி வளையத்தைப் பிடித்துச் சிரிக்கும் மகளைச் சாரங்கபாணி தூணோரம் நின்று பார்த்தார். ரயிலில் சாப்பிட்டாளே என்று கோபம் வரும் என்றுதான் நினைத்தார். வரவில்லை. மூன்று வருஷமாகக் காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம்வரை குழந்தை பட்டினி கிடந்திருக்கிறாளே என்றுதான் தோன்றியது. மதரைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்.

சாயங்காலம் விண்ணப்பத்தை அவளிடம் நீட்டினார். “கட்டம் காலியா இருக்கு. எழுதி, மதர் கையெழுத்தும் வாங்கிண்டு வா. அப்புறந்தான் நான் போடுவேன்.”

வத்ஸலாவுக்கு முகம் வெளுத்தது. அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை தூக்கைக் காணோம். அந்த இடத்தில் வாழையிலைப் பொட்டலங்கள் இரண்டு இருந்தன.

“என்னப்பா இது?”

“புளியோதரை. தயிர்சாதம் வண்டி ஆட்டத்துல சிந்தும்.”

அவள் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். கண் தளும்பிவிட்டது.

“இன்னொண்ணு?” என்றாள், மெதுவாக.

“அது மத்தியானத்துக்கு, விளையாடி முடிச்சப்புறம்.” அவர் கரண்டியைத் தேய்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். “நாழியாச்சு, கிளம்பு. பாலத்துல மெதுவாச் சாப்பிடும்மா. விக்கிக்கப் போறது.”